கழராத லொறி நட்டும் ஒரு மீட்டர் பைப்பும்

60 கிலோ பாரமான ஒரு ஆள், சில்லு நட்டில கொழுவின கம்பிய நிலத்துக்குச் சமாந்தரமா வச்சு, நட்டில இருந்து ஒரு மீட்டர் தள்ளி அதில ஏறி நிண்டா, அந்த நட்டுக்குப் போற முறுக்கு கிட்டத்தட்ட 590 நியூட்டன் மீட்டர். பெரிய லொறிகளுக்கு கொம்பனிக்காரன் புத்தகத்தில போட்டிருக்கிற இறுக்கம் வண்டிக்கு வண்டி மாறும், ஆனா பொதுவா 550க்கும் 700க்கும் இடையிலதான் வரும். யோசிச்சுப் பாருங்க, ஒரு சாதாரண மனிசன்ட உடம்புப் பாரமும் ஒரு மீட்டர் பைப்பும் இருந்தா ஒரு லொறிச் சில்ல சரியா இறுக்கலாம், அதே பாரத்தாலயும் அதே பைப்பாலயும் கொஞ்சம் கூட வலுக்குடுத்தா கழட்டவும் ஏலும். அப்படித்தான் அந்தச் சாமான செஞ்சிருக்கான். மறுகா ஏன் எங்கட மட்டக்களப்புப் பக்க ஆக்கள் மகா ஓயாவுக்கும் செங்கலடிக்கும் இடையில, யானை வாற காட்டு ரோட்டில, ஒரு நட்டோட மூண்டு மணித்தியாலம் மல்லுக்கட்டுறாங்க? இதச் சொல்லத்தான் எழுதுறன்.

முதல் காரணம் டயர்க்கடை கன். ஒரு அங்குல எயார் கன் ஒண்டு நல்ல காத்தோட இருந்தா 2000 நியூட்டன் மீட்டருக்கு மேலயும் குடுக்கும். கடைப் பொடியன் அவசரத்தில விசைய அமத்திப் பிடிச்சிட்டு நிப்பான், டக் டக் டக் எண்டு சத்தம் வந்துகொண்டே இருக்கும், வெளிய நிக்கிற டிரைவருக்கு அது நல்லா இறுக்கிறான் எண்டு மனசுக்கு நிம்மதியாவும் இருக்கும். ஆனா உள்ள நடக்கிறது வேற. போல்ட் எண்டுறது இழுபட்டு நிக்கிற றப்பர் பட்டி மாதிரி, நட்ட இறுக்க இறுக்க அது கொஞ்சம் நீளும், அது திரும்பச் சுருங்கப் பாக்கிற விசையிலதான் றிம் ஹப்போட, அதாவது சில்லு பூட்டுற நடுப்பகுதியோட, ஒட்டிப் பிடிச்சு நிக்குது. அளவுக்கு மிஞ்சி நீண்டா திரும்பச் சுருங்காது, புரி இழுபட்டுப் போகும், அந்தப் புரிக்குள்ள நட் பிசகாமக் கிறுகுறது கஷ்டம். நாங்க இறுக்கப் போடுற முறுக்கில பத்தில ஒரு பங்குதான் போல்ட்ட இழுக்கிறதுக்குப் போகுது, மிச்சம் எல்லாம் உராய்வுக்குத்தான், கிட்டத்தட்டப் பாதி நட்டுக்கு அடியிலயும் மற்றது புரியிலயும். அப்ப கறள் பிடிச்சு உராய்வு கூடினா கழட்டுறதுக்கு எவ்வளவு கூடத் தேவைப்படும் எண்டு நீங்களே விளங்கிக்கொள்ளுங்க.

கறள் எங்கட ஊர்ல சும்மா வாறதில்ல. கடல் ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம், மாரியில வெள்ளத்துக்குள்ளாலதான் ஓட்டம். எல்லாத்தையும் விட மோசமா பாதிக்கிறது மீன் லொறிகள். வாழைச்சேனைத் துறைமுகத்தில இருந்து ஐஸ் போட்டு ஏத்திப் போற லொறிகள்ர பெட்டிக்கு அடியில தண்ணி போற குழாய் ஒண்டு இருக்கும், ஐஸ் கரையக் கரைய உப்புத் தண்ணி வழியெல்லாம் ஒழுகும், கனக்க லொறியில அது சரியா பின் சில்லில விழுகிற மாதிரித்தான் வச்சிருக்கு. அந்தக் குழாய ஒரு அடி தள்ளி வைக்கச் சொல்லி நான் தெரிஞ்ச லொறிக்காரங்க எல்லாருக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கன். இரும்பு கறளாகினா முந்தி இருந்த இடத்த விடக் கூட இடம் பிடிக்கும், நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையில இருக்கிற மயிரிழை இடைவெளியில அது ஊதிப்போய் இறுகிரும். அதோட சில பேர் சில்லுக்குப் பெயின்ட் அடிக்கக்குள்ள நட்டோட சேத்து அடிப்பாங்க, வடிவுதான், ஆனா அந்தப் பெயின்ட் புரிக்குள்ள போய்க் காஞ்சா அதுவும் ஒட்டும்.

சரி, நட் கழரல்ல. கம்பிய எடுக்க முதல் பாக்க வேண்டியது, இது எந்தப் பக்கம் கழர்ற நட் எண்டு. எங்கட பக்கம் ஓடுற யப்பான் லொறிகள், பழைய ஈசூசு, ஃபூசோ, நிசான் எல்லாத்திலயும் இடது பக்கச் சில்லுக்கு இடதுபுரி, வலது பக்கச் சில்லுக்கு வலதுபுரி. வலதுபுரி எண்டா மணிக்கூட்டுக் கம்பி சுத்துற பக்கம் திருப்ப இறுகும், இடதுபுரி எண்டா அதுக்கு மறுபக்கம். போல்ட்ட நுனியில எல் எண்டோ ஆர் எண்டோ இங்கிலீசு எழுத்து அடிச்சிருக்கும், கறளச் சுரண்டினாத் தெரியும். நான் மாமாவோட கிளீனரா போகக்குள்ள அவர் சொல்லித் தந்தது ஒரே ஒரு வழி: "சில்லு முன்னுக்கு ஓடுற பக்கம் திருப்பினா இறுகும் மகன், ரிவேர்ஸ் போற பக்கம் திருப்பினாக் கழரும், ரெண்டு பக்கத்துக்கும் இதுதான்." பழைய யப்பான் வண்டிக்கு இது அப்படியே சரி. ஆனா 2010ஐ ஒட்டி யப்பான்காரன் பெரிய வண்டிகள உலகப் பொது முறைக்கு மாத்தினான், அதில ரெண்டு பக்கமும் வலதுபுரிதான். அந்த வண்டியில இடது பக்கச் சில்லு நட் முன்னுக்கு ஓடுற பக்கம் கழரும். யப்பான்ல ஓட்டத்தில சில்லு கழண்டு போற விபத்துகள அவங்கட போக்குவரத்து அமைச்சு வருசா வருசம் கணக்கெடுக்குது, அதில பெரும்பாலும் இடது பின் சில்லுதான். நாங்களும் அவங்கள மாதிரி ரோட்டுக்கு இடது பக்கம் ஓடுற ஆக்கள், இத மனசில வச்சிக்கொள்ளணும்.

பக்கம் தெரியாம பைப்பப் போட்டு ரெண்டு பேர் ஏறி நிண்டு, கழட்டுறம் எண்டு நினைச்சு இறுக்கி, போல்ட் உடையிறது எங்கட பக்கம் நிறைய நடக்குது. "மாமா, இது கிறுகுதே இல்ல" எண்டு என்ட லொறிப் பொடியன் சொன்னா நான் எழும்பிப் போக முதல் கேக்கிறது, "போல்ட்ட நுனியில என்ன எழுத்து கிடக்கு, பாத்தயா?"

பின் ரெட்டைச் சில்லில பழைய யப்பான் முறைக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. வெளி நட் 41 மில்லிமீட்டர் ஆறுமூலை, அது உள் நட்டுக்கு மேல ஏறியிருக்கும், உள் நட்ட தலை சதுரமா 21 மில்லிமீட்டர், சிலதில 20, வெளிய எட்டிப் பாத்துக்கொண்டு இருக்கும். வெளி நட் வெளிச்சில்லுக்கு, உள் நட் உள்சில்லுக்கு. கறள் பிடிச்சா ரெண்டும் ஒட்டிக்கொண்டு ஒண்டாக் கிறுகும், வெளி நட்டக் கழட்டுறன் எண்டு உள் நட்டும் சேந்து வரும். அப்படி வந்தா விடாமத் திருப்புறத நிப்பாட்டுங்க. வெளி நட்டச் சுத்தி எல்லா முகத்திலயும் சுத்தியலால தட்டி, எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் விட்டுப் பாக்கணும். பத்து போல்ட் இருக்கிற புது முறைச் சில்லுகளுக்கு ஒரே நட்தான், 32 அல்லது 33 சொக்கெட், அதில இந்தத் தொல்லை இல்ல.

அடுத்தது ஜக். சில்லு நிலத்தில இருக்கக்குள்ளதான் நட்ட இளக்கணும், தூக்கிப்போட்டு இளக்கக் கூடாது. பாரம் ஏத்தின லொறி எண்டா இன்னும் நல்லம், அசையாது. தூக்கப் போறது பின் சில்லு எண்டா முன் சில்லுக்கு முன்னாலயும் பின்னாலயும் கட்டை போடுங்க, ஏனெண்டா எயார் பிரேக் லொறிகள்ல பார்க்கிங் பிரேக் பெரும்பாலும் பின் சில்லுகளத்தான் பிடிக்கும், அந்தச் சில்லே மேல தூங்கினா பிரேக் ஒண்டும் செய்யாது. வெட்டின வயல் ஓரத்தில எண்டா ஜக்குக்கு அடியில தடிச்ச பலகை. ஜக்க மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகவே கூடாது, கட்டையோ ஸ்டாண்டோ வச்சிட்டுத்தான்.

காத்த மறக்க வேணாம். லொறி டயர் ஒண்டில 100 பிஎஸ்ஐ அளவுக்குக் காத்து நிக்குது. டயர் காத்துப் போய் அப்படியே கன தூரம் ஓடியிருந்தாலோ, றிம்மோ, டயர றிம்மில பிடிச்சு வைக்கிற லொக் றிங் வளையமோ வெடிச்சுக் கிடந்தாலோ, சந்தேகம் வந்தாலோ, நட்டில கை வைக்க முதல் வால்வுக்குள்ள இருக்கிற ஊசியக் கழட்டி ரெண்டு டயர்லயும் காத்த முழுசா இறக்குங்க. பழைய ஆமி வண்டிகள், ஃபோர்க்லிஃப்ட் மாதிரி வண்டிகள்ல ரெண்டு பாதி றிம் நடுவில நட் போட்டுப் பூட்டினது இருக்கு, ஹப் நட் எண்டு நினைச்சு அந்த நட்டக் காத்தோட கழட்டினா றிம் பிரிஞ்சு அடிக்கும், ஆள் தப்ப மாட்டான். தெரியாத வண்டியில எந்த நட் எதப் பிடிச்சிருக்கு எண்டு பாத்து உறுதிப்படுத்தாம ஒண்டையும் தொடக் கூடாது.

இனி வேலை. முதல்ல கம்பி பிரஷ். நட்டுக்கு வெளிய நீட்டிக்கொண்டு இருக்கிற போல்ட் நுனியில இருக்கிற கறளையும் மண்ணையும் வடிவாத் தேச்சு எடுங்க, ஏனெண்டா நட் அந்தப் புரிக்கு மேலாலதான் வெளிய வரணும், குப்பையோட வந்தா பாதி வழியில திரும்ப இறுகும். கனபேர் இந்த வேலைய விடுறாங்க, நட் முதல் கால் சுத்து இளகி மறுகா இறுகுதெண்டா பெரும்பாலும் இதுதான் காரணம்.

மறுகா எண்ணெய். டபிள்யூடி-40 நல்ல சாமான்தான், 1953ல அமெரிக்காவில தண்ணிய விலத்துறதுக்கு எண்டு செஞ்சது, ஆனா கறளுக்குள்ள ஊறிப் போறதுக்கு எண்டே விக்கிற எண்ணெய்கள் அத விட நல்லா வேலை செய்யும். ஒண்டும் இல்லாட்டி டீசல், மண்ணெண்ணெய். கராஜ்காரங்க ஒட்டோ கியர் எண்ணெயும் அசிற்றோனும் சரிபாதி கலந்து விடுவாங்க, அது நல்லா இறங்கும், ஆனா சுறுக்கா நெருப்புப் பிடிக்கும், பக்கத்தில பீடி சிகரெட் கூடாது. எத விட்டாலும் பிரேக் பக்கம் வழியாமப் பாத்து, துணியால துடைச்சு, நேரம் குடுங்க. எண்ணெய விட்ட உடன ஸ்பானரப் போடுறது எண்ணெயத் தெண்டமாக்கிற வேலை. அடுத்த நாள் கழட்டுற சில்லு எண்டா முதல் நாள் பின்னேரமே விட்டு வைக்கணும். ரோட்டில நிண்டா இருபது நிமிசமாவது, அதுக்குள்ள ஒரு பிளேன்டி குடிக்கலாம்.

எண்ணெய் ஊறக்குள்ள சுத்தியல். நட்ட ஒரு பக்க முகத்தில பாரமான சுத்தியல் ஒண்டப் பிடிச்சுக்கொண்டு எதிர்ப் பக்க முகத்தில மற்றதால தட்டணும், நட்டச் சுத்தி எல்லா முகத்திலயும். போல்ட் நுனியில அடிச்சு புரிய நசுக்கிப் போடாதீங்க. அந்த அதிர்வில கறள் பொடியாகும், எண்ணெய் இன்னும் உள்ள இறங்கும். பலத்த அடி தேவையில்ல, கன அடி தேவை.

இப்ப ஸ்பானர். பன்னிரண்டு மூலைச் சொக்கெட் இந்த வேலைக்குச் சரிவராது, ஆறுமூலைதான், அதுவும் நட்டில அடி மட்டும் போய் இருக்கணும். லொறியோட வாற குழாய் ஸ்பானர், ஒரு நுனி 41, மறு நுனி 21 சதுரம், நடுவில கம்பி போட ஓட்டை, அது நல்ல இரும்பாலதான் செஞ்சிருக்கு. ஆனா தேஞ்ச நட்டில தேஞ்ச ஸ்பானரப் போட்டா மூலை உருண்டு போகும், உருண்டா அதுக்குப் பொறகு எந்த வலுவாலயும் பிரயோசனமில்ல.

எல்லாரும் கவனிக்காம விடுற இடம் ஒண்டு இருக்கு, நான் கூட நேரம் எடுத்துச் சொல்ல நினைக்கிறதும் அதுதான். பின் ரெட்டைச் சில்லில நட் ஆழத்தில கிடக்கும், ஸ்பானர் நீளமா வெளிய நீட்டிக்கொண்டு நிக்கும், அதுட நுனியில கம்பியப் போட்டு மிதிச்சா அந்த வலு நட்டத் திருப்புறதோட ஸ்பானரயும் கீழ சரிக்கப் பாக்கும். அப்பதான் சொக்கெட் சறுக்குது, நட் உருளுது, ஆள் விழுறான், முழங்கால் உடையிது. அதுக்கு ஸ்பானர்ர வெளி நுனிக்கு அடியில ஒரு ஸ்டாண்டோ, அடுக்கின கட்டையோ, நிமித்தி வச்ச பழைய றிம்மோ குடுத்துத் தாங்கணும். நுனி தாங்கியில இருந்தா ஸ்பானர் சரியாது, நீங்க குடுக்கிற வலு திருப்புறதுக்குத்தான் போகும். முந்தி ரெண்டு பேர் மிதிச்சும் வராத நட் ஒராளுக்கே வரும். கிளீனராப் போற பொடியன்கள் இந்த ஒண்ட மட்டும் பழகினாலே எவ்வளவோ நட்டுகள் உருளாமத் தப்பும்.

மறுகா பைப். தடிச்ச கல்வனைஸ் பைப், ஒண்டரை மீட்டர் நீளம். 60 கிலோ ஆளுக்கு ஒண்டரை மீட்டர்ல 880 நியூட்டன் மீட்டருக்கு மேல வரும், அதாவது சரியான இறுக்கத்த விடக் கால்வாசியில இருந்து பாதிக்கு மேல மட்டும் கூட. பைப் கம்பிக்கு மேல குறைஞ்சது ஒண்டரை அடி ஏறி இருக்கணும், நுனியில தொட்டுக்கொண்டு இருக்கிற பைப் வழுகும். வலதுபுரி நட் எண்டா சில்லப் பாத்து நிக்கக்குள்ள கம்பி இடது பக்கம் இருக்கட்டும், கீழ மிதிக்கலாம். முதல் ஒருக்கா இறுக்கிற பக்கம் மெதுவா ஒரு தட்டு, கறள் உடையிற ஒரு சின்னச் சத்தம் வரும், மறுகா கழட்டுற பக்கம். பைப்பில ஏறிக் குதிக்கிறது வேணாம். லொறிப் பாடியக் கையால பிடிச்சுக்கொண்டு பாரத்த மெதுவா இறக்குங்க, அப்படியே நில்லுங்க. நிண்டுகொண்டே இருக்க நட் மெள்ள இளகுறது காலுக்குத் தெரியும். குதிச்சா கம்பி முறியும், இல்லாட்டி போல்ட் முறியும், ரெண்டிலயும் ஆள்தான் நிலத்தில.

அதுக்கும் வரல்ல எண்டா ஜக். வலதுபுரி நட்டுக்கு இப்ப கம்பிய வலது பக்கம் கொண்டு வாங்க, நுனி கொஞ்சம் பதிவா இருக்கட்டும், அதுக்கு அடியில பொட்டில் ஜக்க வச்சு மெதுவாப் பம்ப் பண்ணுங்க. இடதுபுரிக்கு எல்லாம் மறுபக்கம். ஜக் தாற வலு சீரா ஏறும், உதறல் இல்ல, மனிசன் சறுக்கி விழவும் இல்ல. ஆனா ஒண்டு, பத்துத் தொன் ஜக்குக்கு ஒரு போல்ட்ட முறிக்கிறது பெரிய வேலையே இல்ல, அதால கொஞ்சம் பம்ப் பண்ணி, நிப்பாட்டி, நட்டச் சுத்தித் தட்டி, கொஞ்சம் பொறுத்து, திரும்பக் கொஞ்சம். கம்பி கிறுகுற வட்டத்துக்குள்ள தலையையோ கையையோ வைக்க வேணாம், நுனி தெறிச்சா அந்தப் பக்கம்தான் வரும்.

இப்ப கியர் வச்ச ஸ்பானர் ஒண்டு கடைகள்ல வருது, பெட்டிக்குள்ள ரெண்டு சொக்கெட்டோட, கைபிடியச் சுத்தினா உள்ள பல்லுச்சக்கரங்கள் வலுவப் பெருக்கிக் குடுக்கும், பெரும்பாலும் 58க்கு ஒண்டு கணக்கில. நட் ஒரு சுத்து வர நீங்க 58 சுத்துச் சுத்தணும், கை நோகும், ஆனா 50 கிலோப் பொடியன் தனிய நிண்டு கழட்டலாம். அதுட கால் பக்கத்து நட்டில ஊண்டி நிக்கும், அந்த இடைவெளிக்குள்ள விரல வச்சா விரல் போச்சு. லொறிக்காரங்க எல்லாரும் ஒண்டு வாங்கி வைக்கணும் எண்டுதான் நான் சொல்லுவன். கழட்ட மட்டும், இறுக்க வேணாம், எவ்வளவு இறுகுதெண்டு கைக்குத் தெரியாது.

காஸ் போட்டு நட்டச் சூடாக்கிறது எங்கட கராஜுகள்ல சாதாரணமா நடக்குது, அத நிப்பாட்டச் சொல்லிக் கெஞ்சித்தான் கேக்கிறன். றிம்மில சூடு ஏறினா டயருக்குள்ள றப்பர் வேகி வாயு உண்டாகும், அமுக்கம் ஏறி வெடிக்கும், நெருப்ப நிப்பாட்டிக் கன நேரம் போனபொறகும் வெடிக்கும். ஹப் பெயாரிங் கிறீசும் உருகி ஓடும், போல்ட்ட பதமும் போகும். நட் உருண்டுபோய் வேற வழியே இல்ல எண்டா ஒரு முகத்தில சிசல வச்சு அடிச்சு நட்டப் பிளந்து எடுக்கலாம். அந்த போல்ட்ட மாத்தணும். ஓட்டத்தில ஒரு போல்ட் உடைஞ்சிருந்தா அதுக்கு ரெண்டு பக்கத்திலயும் இருக்கிற போல்ட்டுகளையும் மாத்துங்க, ரெண்டோ கூடவோ உடைஞ்சிருந்தா அந்தச் சில்லில இருக்கிற எல்லாத்தையும்.

திரும்பப் பூட்டுறதில இருக்கு அடுத்த தடவைக் கஷ்டம். ஹப் முகம், றிம் முகம், போல்ட் புரி எல்லாம் பிரஷ் போட்டுத் துடைச்சு, நட் கையாலயே அடி மட்டும் போகுதா எண்டு ஒவ்வொண்டையும் பாருங்க, போகாத நட்ட ஸ்பானரால தள்ள வேணாம், மாத்துங்க. எண்ணெய் போடுறது வண்டி முறையப் பொறுத்தது: வாஷர் சேந்த நட்டுக்கு புரியில ரெண்டு துளி, நட்டுக்கும் வாஷருக்கும் இடையில ரெண்டு துளி, றிம்மத் தொடுற முகத்தில வேணாம். மற்ற முறைகளுக்கு அந்த வண்டிப் புத்தகத்தில என்ன சொல்லியிருக்கோ அது. கிறீச அள்ளிப் பூசினா அதே முறுக்குக்கு போல்ட் அளவுக்கு மிஞ்சி நீளும். இறுக்கக்குள்ள எதிரெதிர் நட்டா, ரெண்டு மூண்டு சுற்றில. பழைய யப்பான் ரெட்டைச் சில்லுக்கு முதல்ல உள் நட் எல்லாம், மறுகா வெளி நட்.

ஓட்டமாவடிப் பக்கம் டயர்க்கடை வச்சிருக்கிற ஒரு காக்காக்கிட்ட (முஸ்லிம் அண்ணன்மார நாங்க அப்படித்தான் கூப்பிடுறது) நான் கன காலமா போறன். அவர் கன்னால நட்ட ஓட்டிக் கொண்டுபோய்ச் சேத்திட்டு, கன்னத் தூக்கி வச்சிட்டு, நீளக் கம்பியால கையாலதான் கடைசி இறுக்கு இறுக்குவார். ஏன் காக்கா ரெண்டு வேலை எண்டு ஒரு நாள் கேட்டன். "ரோட்டில ஒங்களுக்கிட்ட கன் இல்லையே தம்பி. நான் கன்னால இறுக்கி அனுப்பினா நீங்க என்னத்தால கழட்டுவீங்க?" எண்டார். டயர்க்கடைக்குப் போற டிரைவர்மார் எல்லாரும் இதக் கேட்டு வாங்கணும். கடைசி இறுக்கு கையால, இல்லாட்டி முறுக்கு அளக்கிற ஸ்பானரால. கடைக்காரர் முகம் சுளிச்சாலும் கேளுங்க, உங்கட சில்லு, உங்கட உசிர், பின்னால மோட்டார் சைக்கிள்ல வாற மனிசன்ட உசிர்.

சில்லு மாத்தி 50ல இருந்து 100 கிலோமீட்டருக்குள்ள திரும்ப ஒருக்கா இறுக்கம் பாக்கணும், பெயின்டும் கறளும் நசுங்கி இடம் குடுத்திருக்கும். பழைய யப்பான் ரெட்டைச் சில்லில வெளி நட்ட இளக்கிட்டுத்தான் உள் நட்ட இறுக்கலாம், அதையும் ஒவ்வொரு நட்டாத்தான் செய்யணும். மட்டக்களப்பில மாத்தினா பொலன்னறுவைக்கு நெல்லேத்திப் போற வழியில புணானை தாண்டி வெலிக்கந்தைக்குள்ள எங்கயாவது நிழல்ல நிப்பாட்டி, அதே பைப்பப் போட்டு ஒவ்வொரு நட்டையும் பாத்திட்டு ஏறுங்க.